தம்பிக்கு முதல் கப்பல், ஏடன் வளைகுடா வழி: அம்மாவிடம் என்ன சொல்வது?

ராயபுரம் சகோதரி, கடற்கொள்ளையர் பயத்தில் தம்பியைக் கப்பல் வேலைக்கு விடமாட்டேன் என்று அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள். அம்மா மனசில் இருப்பது 2011. அந்த வருஷம் ஏடன் வளைகுடாவையும் சேர்த்து சோமாலியக் கடற்கொள்ளையர் கப்பல்கள் மீது நடத்திய தாக்குதல் 237. 2013-ல் வெறும் 15. போர்க்கப்பல் ரோந்து ஒரு காரணம், கப்பலிலேயே துப்பாக்கியோடு காவலர் வந்தது இன்னொன்று. இப்போதும் அந்தப் பக்கம் போனால் கப்பலைச் சுற்றிச் சுருள் முள்கம்பி கட்டுவார்கள். மீறி ஏறினால் எல்லோரும் ஒளிந்து பூட்டிக்கொள்ள உள்ளே தனி இடம் உண்டு.

அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலைக் கொள்ளையர் பிடித்தார்கள். 2024 மார்ச்சில் நம் கடற்படை அதிலிருந்த 17 மாலுமிகளையும் மீட்டது.

செங்கடலில் ஏமனின் ஹூதிப் படை கப்பல்கள் மீது ஏவுகணை வீசியது வேறு கதை. கப்பல் அங்கும் போகுமா என்று கேளுங்கள். எனக்குக் கொள்ளையரைவிட, கப்பல் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட்தான் பயம். அவருடைய ஆர்.பி.எஸ்.எல். (ஆள் சேர்க்கும் உரிமம்) எண்ணை, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில் சரிபாருங்கள். வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.