அரை வரிக்காரியும் முழு நாடகமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்கு மேற்கே ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்பதால், மே மாதம் எங்கள் தெருக்களில் மூன்று நாள் கலைவிழா நடத்தப்போகிறோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலைவிழாதான் முன்மாதிரி. சிலம்பம், ஒயிலாட்டம், நவீன நாடகம் எல்லாம் உண்டு. தேர்வுக்குழுவும் அமைத்துவிட்டோம். சென்னை நிறுவனம் ஒன்று முழுச் செலவையும் ஏற்கிறது. ஊரில் ஒரு பைசா வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் யாரும் ஆர்வம் காட்டவில்லை. மக்களை எப்படி வரவைப்பது?

ம.

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய போஸ்டர் அழகாக இருக்கிறது. அது போதும், அதை இனித் தொடாதீர்கள்.

1947இல் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து கிடைத்த இடத்தில் ஆடின. ஃபிரிஞ்ச் பிறந்தது அப்படித்தான். 1958இல் அதற்கென்று சங்கம் வைத்தபோதும், யாரையும் பொறுக்கி எடுப்பதில்லை என்றுதான் வைத்தார்கள். நீங்கள் விழாவுக்கு முன்னாலேயே தேர்வுக்குழு வைத்திருக்கிறீர்கள். கலைத்துவிடுங்கள்.

தடைக்காலத்தில் எல்லோரும் ஊரில் இருப்பார்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிற்பது விசைப்படகு. நாட்டுப்படகான வள்ளத்துக்காரர் போய்க்கொண்டுதான் இருப்பார். கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்கள்தான் வேலைநாட்கள். தேதி குறிக்கும் முன் அவர்களைக் கேட்டீர்களா? கடற்கரைப் பிள்ளைக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். 'ஒரு பைசா வாங்க வேண்டியதில்லை' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று. கணவன் இல்லாத வீட்டுக்கு அரை வரி. சலுகை மாதிரி தெரியும். ஆனால் அரை வரிக்காரிக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு கிடையாது. என் அப்பத்தா கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள். ஒரு வருஷம் முழு வரியைக் கொண்டுபோய் நீட்டினாள். கணக்குப்பிள்ளை பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "நான் என்ன நாடகத்துல பாதி ராத்திரியில எந்திரிச்சா போறேன்? விடிய விடியத்தான பாக்குறேன். முழுசா எழுது" என்றாள். எழுத வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அந்த வருஷம் வள்ளி திருமணம் நாடகம். ஸ்பெஷல் நாடகம் என்பதால் நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம்தான் உயிர். அன்றைக்கு நாரதர் அசமந்தம். அப்பத்தா எழுந்து நின்று, "வரி குடுத்திருக்கோம், ஒழுங்கா பதில் சொல்லுய்யா" என்று சத்தம் போட்டாள். கூட்டமே சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஊரில் பல வருஷம் பேச்சு. அப்புறம் எந்த நாடகம் பேசுவதென்றாலும் கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள்.

சென்னை நிறுவனத்தின் செலவில் நடந்திருந்தால் அவள் யாரைச் சத்தம் போட்டிருப்பாள்? இலவசமாகக் காட்டுகிறவர்களை யாரும் திட்ட மாட்டார்கள். பார்த்துவிட்டுப் போவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். உங்கள் ஊர் இரண்டாவதைத்தான் இப்போதே செய்துகொண்டிருக்கிறது.

நிறுவனத்துக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு ஒரு நோட்டு வாங்குங்கள். தெருத்தெருவாகப் போங்கள். பத்து ரூபாய் கொடுத்தாலும் எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு பெயர், பெண் தலைமையான வீடென்றால் அந்தப் பெண்ணின் பெயர். நோட்டில் 'அரை வரி' என்று ஓரிடத்தில் இருந்தாலும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். பலருக்கும் வருமானம் நிற்கும் மே மாதத்தில் வரி கேட்டால் அடிக்க வருவார்கள். விழாவை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள்.

ஐந்நூறு ரூபாய் அனுப்பியிருக்கிறேன். நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை, அதை வரியில் சேர்க்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் நன்கொடை என்று தனியாக எழுதுங்கள்.