கச்சேரிக்கு வருபவர்களை வீட்டில் தங்கவைக்கப் பொலிஸில் பதிய வேண்டுமா?

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாக் கச்சேரிக்குச் சென்னையிலிருந்து ஒரு பாடகியும் வயலின்காரரும் வருகிறார்கள். மிருதங்கம் வாசிப்பவர் கொக்குவிலில் பிறந்து லண்டனில் இருப்பவர். மூவரும் இரண்டு இரவு எங்கள் வீட்டு மேல்மாடியில் தங்குவார்கள். விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பொலிஸிலும் பதியாவிட்டால் பிரச்சினை வரும் என்கிறார்கள். வீசா எடுத்துக் கொடுக்கும் ஒருவர், எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி, பாஸ்போட் பிரதிகளும் நான் கையெழுத்திட்ட கடிதமும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன், அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

காசு வாங்காமல் இரண்டு இரவு விருந்தினரை வைத்திருக்க யாரிடமும் முன்அனுமதி எடுக்கத் தேவையில்லை. இராணுவம் வீட்டுக்கு வீடு வந்து படமெடுத்துப் பதிந்த காலத்தை எங்கள் சனம் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயம்தான் உங்களிடமும் பேசுகிறது. போர்க்காலத்திலிருந்து நீடித்த அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸ் கேட்கலாம் என்று பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கேட்டு வந்தால் மூவரின் பெயரையும் பாஸ்போட் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான். தங்குவதற்குக் காசு வாங்கினால் சுற்றுலா அதிகார சபையில் பதிவு வேண்டும். நீங்கள் வாங்கவில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது வீசா. இணையத்தில் எடுக்கும் பயண அனுமதியில் சுற்றுலா, வர்த்தகம் என்று நோக்கம் கேட்கப்படும். கலை, இசை, நடன நிகழ்வுகளில் பங்குபற்றுவது வர்த்தக நோக்கத்துக்குள் அடங்கும். வீசா எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சுலபம் என்று சுற்றுலாவையே அழுத்திவிடுவார்கள். பிறகு பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்குபவர், மிருதங்கப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, 'ஊர் பார்க்க வந்தேன்' என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டியதாகிறது. கோயில் நோட்டீசில் அவருடைய படமும் கச்சேரி நேரமும் அச்சாகி இருக்கும். பொய் சொன்ன குற்றம் கலைஞர் தலையில். கட்டணம் வாங்கியவர் தொலைபேசியையே எடுக்க மாட்டார்.

கலைஞர்கள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே போடட்டும். அரச தளத்தின் முகவரி gov.lk என்று முடியவேண்டும். தேடும்போது முதலில் வந்து விழும் பல தளங்கள் தரகர்களுடையவை. அரச இலச்சினை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடுதல் காசு பிடுங்குபவை. சனம் ஏமாறுவதில் ஆச்சரியமும் இல்லை. 2024 இல் வீசா வேலையைத் தூக்கி வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது, செப்டெம்பரில் பழைய முறைக்கே திரும்பினார்கள்.  இந்தக் குழப்பத்தில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அழைப்புக் கடிதத்தைக் கோயில் நிர்வாகமே தன் கடிதத் தலைப்பில் எழுதவேண்டும். கலைஞரின் பெயர், பாஸ்போட் இலக்கம், நிகழ்ச்சித் திகதி, தங்கும் முகவரி, இவ்வளவும் போதும். வெற்றுத்தாளிலோ பெயர் நிரப்பாத படிவத்திலோ நீங்கள் வைக்கும் கையெழுத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் பொறுப்பு நின்றதாக நாளைக்கு எழுந்து நிற்கும்.

இனி மிருதங்கக்காரர். 'அவர் எங்கட ஊர்ப் பிள்ளை, அவருக்கு என்ன வீசா?' என்று நிர்வாகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். பிரித்தானியக் குடியுரிமை எடுத்த அன்றே, முன்கூட்டி அனுமதி பெறாதவரின் இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விடுகிறது. கொக்குவில் பிறப்புச் சான்றிதழ் அதைத் திருப்பித் தராது. பழைய அடையாள அட்டையும் தராது. காலாவதியாகாத பழைய இலங்கைப் பாஸ்போட் அலுமாரியில் இருந்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருந்தால் வீசா தேவையில்லை, அதைக் கொண்டுவந்தால் சரி. 'விண்ணப்பித்திருக்கிறேன், கெதியில் வந்துவிடும்' என்றால் அது இல்லாததற்குச் சமம். சென்னைக்காரரைப் போலவே அவரும் வர்த்தக நோக்கத்தில் எடுக்க வேண்டும். பிரித்தானியக் குடியுரிமையே எடுக்காமல் அங்கே வதிவிட அனுமதியோடு இருப்பவர் என்றால் இன்னும் இலங்கையர்தான், இலங்கைப் பாஸ்போட்டில் வரலாம். ஒரே ஆளுக்கு இத்தனை வழி இருப்பதால், ஊகிக்காமல் இன்றைக்கே அவருக்குப் போன் எடுத்து, எந்தப் பாஸ்போட்டில் வருகிறார் என்று கேளுங்கள்.

பாஸ்போட் பிரதிகளை அந்த ஆளிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவர் போட்ட விண்ணப்பத்தின் இலக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கலைஞர்களுக்கு உடனே சொல்லிவிடுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் அவர்கள் தாங்களே விண்ணப்பிக்க நேரம் இருக்கும்.