சின்ன விசிறிக்குச் சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஏன் பொருந்துவதில்லை?

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சிசிடிவி ரெக்கார்டர் வைத்துள்ள மர அலமாரியில் 230 வோல்ட், 0.12 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட நான்கு அங்குல விசிறியைப் பொருத்தியிருக்கிறேன். இரவில் இரைச்சல் தாங்கவில்லை. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை இணைத்தும் வேகம் குறையாமல் மோட்டார் கூடுதலாகச் சுடுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் அந்த ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். படிப்படியாக வேகம் மாற்றும் ரெகுலேட்டருக்குள் இருப்பவை கெப்பாசிட்டர்கள். 70, 80 வாட் சீலிங் ஃபேனுக்கென்று அவை பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் மதிப்பைச் சொல்லும் அலகு) அளவில் அமைகின்றன. உங்கள் விசிறியிலோ சுமார் 20 வாட் எடுக்கும் ஷேடட் போல் என்னும் எளிய வகை மோட்டார்தான் இருக்கும். அதன் சுருள் மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடையான தூண்டல் மறுப்பை 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஏறத்தாழ ஈடுசெய்துவிடுவதால், மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தம் குறையாமல் 230 வோல்ட்டைத் தாண்டவும் கூடும். வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற வரம்பைக் கடக்க முடியாது என்பதால், உயர்ந்த மின்னழுத்தம் வெப்பமாகவே வெளிப்படுகிறது.

ஆகவே கெப்பாசிட்டரின் மதிப்பைக் குறைக்க வேண்டும். 1 மைக்ரோஃபாரட்டை மோட்டாருடன் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்தால் மோட்டாருக்குச் சுமார் 195 வோல்ட்டும், 0.83 இணைத்தால் 155 வோல்ட்டும் கிடைக்கும் என்பது தோராயக் கணக்கு. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் 0.83-க்கும் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

இங்கே பலர் கவனிக்கத் தவறுவது, சுருளும் கெப்பாசிட்டரும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கெப்பாசிட்டரின் குறுக்கே 300 வோல்ட்டுக்கு மேல் விழும் என்பதை. எனவே 275 வோல்ட் ஏசி வகை போதாது. 440 வோல்ட் ஏசி வேண்டும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சரியான மதிப்பு கிடைக்காவிட்டால், எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் விற்கும் 2.5 மைக்ரோஃபாரட் ஃபேன் கெப்பாசிட்டர்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 0.83 வந்துவிடும். அந்தத் தொடரின் இரு முனைகளுக்கும் இடையே 470 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்தியபின் தங்கும் மின்னூட்டம் அதன் வழியே வடிந்துவிடும்.

விளக்குக்கான டிம்மரை வாங்க வேண்டாம். அது மின்னலையை வெட்டித் தருவதால் மோட்டார் ரீங்கரிக்கும், உங்கள் குறையோ இரைச்சல்தான்.

இணைத்தபின் மல்டிமீட்டரால் மோட்டார் முனைகளில் அளந்து, 230 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை உறுதிசெய்யுங்கள். விசிறி முழுதாக நின்ற நிலையிலிருந்து தானாகக் கிளம்புகிறதா என்பதையும் பலமுறை சோதியுங்கள். தயங்கினால் 1 மைக்ரோஃபாரட்டுக்கு மாறுங்கள். மே மாதப் பகல்களில் அலமாரியின் உள்வெப்பம் ஏறினால், கெப்பாசிட்டரைத் தாண்டி நேரடி மின்சாரம் தரும் ஒரு சுவிட்சை வைத்துக்கொள்வது நல்லது.