கொதிக்கும் பார்லியை ஜக்கில் ஊற்றும் முன்

சிங்கப்பூர் யீஷூன் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பார்லி காய்ச்சி, சுடச்சுடக் கண்ணாடி ஜக்கில் ஊற்றினேன். அடியில் விரிசல் விட்டுவிட்டது. நல்ல கனமான ஜக்தான். இனி எதை வாங்குவது? பிளாஸ்டிக்கே மேலா?"

ஜக் கனமாக இருந்ததுதான் பிரச்சினையே. வெறும் சூட்டால் கண்ணாடி உடைவதில்லை, ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக இருப்பதைத் தாங்க முடியாமல்தான் உடைகிறது. கொதிநீர் பட்டதும் உட்புறம் விரியப் பார்க்கும், வெளிப்புறத்துக்கு இன்னும் சூடு போய்ச் சேர்ந்திருக்காது, அதனால் அது இழுபட்டுப் பிளந்துவிடுகிறது. தடிமன் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும்.

ஆகவே போரோசிலிகேட் கண்ணாடி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரியும் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். கையில் எடுத்தால் லேசாக, மெல்லியதாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஜப்பானிய ஜக்குகளின் பெட்டியில் தாங்கக்கூடிய வெப்ப வேறுபாடு என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 120 டிகிரி. அது எவ்வளவு சூடு தாங்கும் என்பதல்ல, எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது. குளிர்பெட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த ஜக்கில் 100 டிகிரி தண்ணீரை ஊற்றினால் வித்தியாசம் 96, கணக்குப்படி தாங்க வேண்டும். ஆனால் கம்பி நாரால் தேய்த்துக் கீறல் விழுந்த ஜக்கில் இந்தக் கணக்கை நம்பவே நம்பாதீர்கள், விரிசல் பெரும்பாலும் கீறலில்தான் தொடங்கும். பஞ்சால் கழுவுங்கள், ஈரமான கல்மேடையில் வைத்து ஊற்றாமல் அடியில் ஒரு துணி போடுங்கள்.

பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, சுமார் 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், சூடாக எதையும் ஊற்றாதீர்கள். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், கொதிநீரைத் தாங்கும், ஆனால் பால் பண்டுங் (ரோஜாப் பாகும் பாலும் கலந்தது) மாதிரி பானங்களின் வாடையைப் பிடித்துக்கொள்ளும். 7 என்பது பலவகைப் பிளாஸ்டிக்குகளுக்கும் பொதுவான எண், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பிபிஏ (சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருள்) இல்லாதது என்றும், கொதிநீர் தாங்கும் என்றும் எழுதியிருந்தால் வாங்கலாம்.

என்னைக் கேட்டால், பார்லியோ, பால் சேர்க்காத தேநீரான தே ஓவோ, எதுவானாலும் எவர்சில்வர் பாத்திரத்திலேயே காய்ச்சி, கெட்டியாக வைத்து, அதிலேயே ஐஸைக் கொட்டிக் கலக்கி, ஆறிய பிறகு ஜக்குக்கு மாற்றுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். ஆறட்டும் என்று மேடையிலேயே மறந்துவிடவும் கூடாது, 5 முதல் 60 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் ஊர் வெப்பம் அதற்கு நடுவில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

அப்புறம், ஜக் கண்ணாடியாக இருந்தாலும் மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், சூடாக இருக்கும்போது இறுக மூடாதீர்கள். மூடியில் இருக்கும் சிலிகோன் வளையத்தை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள், பார்லிக் கஞ்சி அதன் இடுக்கில்தான் தங்கிப் புளித்துப்போகும்.