ஒற்றுமை, ஜெபம், சாட்சி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கிறிஸ்தவ ஒற்றுமை என்றால் எல்லாச் சபைகளும் இணைந்து ஒரே சபையாகிவிட வேண்டுமா?

பதில்: அப்படியும் நடந்திருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. பேராயர்கள் (பிஷப்புகள்) உள்ள, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையும் பேராயரே இல்லாத சபைகளும் அதில் இணைந்தன. 28 வருடம் பிடித்தது! ஆனால் நிர்வாகம் ஒன்றானால் மனசும் ஒன்றாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரே சபைக்குள்ளேயே முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கோஷ்டிகள் இருக்கலாமே. யோவான் 17இல் தம்முடையவர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஜெபிக்கும் இயேசு, உலகம் விசுவாசிப்பதற்காக என்று காரணத்தையும் சொல்கிறார். நாம் அடித்துக்கொண்டு நின்றால் நம் சாட்சியை யார் காதில் வாங்குவார்கள்?

கேள்வி: ஜனவரி ஒற்றுமை ஜெப வாரத்தைத் தொடங்கியது யார்?

பதில்: அமெரிக்காவில் பால் வாட்சன் என்ற குருவானவர், 1908இல். ஜனவரி 18 முதல் 25 வரை. அப்போது 'எல்லாரும் ரோமுக்கு', அதாவது கத்தோலிக்கத் திருச்சபைக்கு, 'திரும்ப வேண்டும்' என்ற தொனி இருந்தது. 1930களில் பிரெஞ்சுக் குருவானவர் பால் கூட்டுரியே, 'கிறிஸ்து விரும்பும் ஒற்றுமை, அவர் விரும்பும் வழியில்' என்று மாற்றினார். அப்புறம்தான் மற்ற சபையாரும் தயக்கமில்லாமல் சேர முடிந்தது.

கேள்வி: கணவர் கத்தோலிக்கர், நான் சீர்திருத்த சபை. சேர்ந்து ஜெபிக்கும்போது கர்த்தருடைய ஜெபத்தின் முடிவில் அவர் நிறுத்திவிடுகிறார், நான் தொடர்கிறேன். சங்கடமாக இருக்கிறது.

பதில்: 'தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்' என்றதும் அவர் ஆமென் சொல்லிவிடுவார், நீங்கள் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று போவீர்கள், சரிதானே? இதில் விரோதம் ஒன்றும் இல்லை. திருப்பலியில் அதே இடத்தில் குருவானவர் ஒரு சிறு ஜெபம் சொன்ன பிறகு, கத்தோலிக்கரும் அந்த வரியைச் சொல்கிறார்கள். ஆதித் திருச்சபையின் 'டிடாக்கே' நூலிலும் இந்த ஜெபம் வல்லமை, மகிமை என்றுதான் முடிகிறது. வீட்டில் அவர் அரை நிமிடம் காத்திருக்கலாம், இல்லை நீங்கள் அவரோடு நிறுத்திக்கொள்ளலாம். தினமும் சேர்ந்து முழங்கால் போடுகிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தினமும் ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் அலைகிறது.

பதில்: எல்லோருக்கும் அலையும். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். டிடாக்கே கர்த்தருடைய ஜெபத்தைத் தினம் மூன்று வேளை சொல்லச் சொல்கிறது. மூன்று சிறு வேளைகள், அலையும் ஒரு மணி நேரத்தைவிட மேல் என்பது என் கருத்து. அதில் ஒரு வேளையை உங்களோடு ஒத்துப்போகாத சபையாருக்காக ஒதுக்குங்கள். அவர்கள் திருந்தவேண்டும் என்று அல்ல, அவர்கள் நன்றாயிருக்க.

கேள்வி: வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

பதில்: 1 பேதுரு 3:15ஐ நிதானமாகப் படியுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். கேட்கும்படி நடந்துகொள்வது முதல் வேலை. கேட்டால், உங்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அடுத்த சபையை மட்டம் தட்டி ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: வேறு சபையில் நற்கருணை எடுக்கலாமா?

பதில்: சபைக்குச் சபை விதி மாறும். கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக மற்றச் சபையாருக்கு வழங்குவதில்லை. போகுமுன் அங்குள்ள போதகரையோ குருவானவரையோ கேட்டுவிடுங்கள்.