சாக்பீஸ் கோட்டில் கணக்கு: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளைக் குதிக்கவும் நடக்கவும் விட்டுப் பாடம் நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: டீச்சர், என் மகன் ரெண்டாம் வகுப்பு. தரையில் 0 முதல் 20 வரை கட்டம் போட்டேன். 4-ல் நின்று 3 கூட்டச் சொன்னால் 6-ல் போய் நிற்கிறான்.

பதில்: நிற்கிற கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணிவிடுகிறான், நிறைய பிள்ளைகள் செய்வதுதான். கட்டத்தை எண்ணாதே, குதிப்பதை எண்ணு என்று சொல்லுங்கள். கால் அடுத்த கட்டத்தில் பட்ட பிறகுதான் வாய் திறக்கணும்.

கேள்வி: சுவரில் விடைகளை ஒட்டிவைத்து ஓடித் தொடச் சொல்கிறேன். உற்சாகமாக ஓடுகிறார்கள், ஆனால் கணக்கு வரவில்லையே?

பதில்: வராது. அது பரீட்சைதான், கொஞ்சம் வியர்வையோடு. தெரிந்தவன் முதலில் ஓடுவான், மற்றவர்கள் அவன் பின்னால் ஓடுவார்கள். ஓட்டத்தை எடுத்துவிட்டால் கணக்கு அப்படியே மிச்சம் இருக்கிறது என்றால், அந்த ஓட்டம் எதையும் சொல்லித்தரவில்லை.

கேள்வி: அப்படியென்றால் ஆறாம் வகுப்பு மைனஸ் எண்களுக்கு என்ன செய்யலாம்?

பதில்: எனக்குப் பிடித்த இடம் இது. −10 முதல் 10 வரை கோடு போடுங்கள். கூட்டல் என்றால் ப்ளஸ் பக்கம் பார்த்து நில், கழித்தல் என்றால் மைனஸ் பக்கம் திரும்பு. அடுத்து வரும் எண் மைனஸ் என்றால் பின்னாலேயே நட. இப்போது 3 − (−2): மூன்றில் நின்று மைனஸ் பக்கம் திரும்புகிறாள், இரண்டடி பின்னால் வைக்கிறாள், 5-ல் நிற்கிறாள். "மைனஸ் மைனஸ் ப்ளஸ்" என்று மனப்பாடம் பண்ணினவர்களுக்கு அது ஏன் ப்ளஸ் என்று கால் சொல்லிவிடும்.

கேள்வி: என் வகுப்பில் 38 பேர், மேடம். வகுத்தலுக்கு ஏதாவது?

பதில்: "கப்பல் மூழ்குது, நாலு நாலு பேர்!" என்று கத்துங்கள். 9 குழு, மீதி 2. அடுத்து ஏழு ஏழு: 5 குழு, மீதி 3. கத்துவதற்கு முன்னாடியே மீதி எத்தனை என்று கேட்டால் பெரிய பிள்ளைகளுக்கும் வேலை இருக்கும். ஒன்று மட்டும், மீதியானவர்களை "அவுட்" ஆக்காதீங்க, அடிக்கடி மீதியாகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. கணக்கைக் கரும்பலகையில் எழுதுகிற வேலையை அவர்களிடமே கொடுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வரும் மாணவன் இருக்கிறான். அவனை ஸ்கோர் எழுத உட்காரவைக்கிறேன், மனசு கேட்கவில்லை.

பதில்: வேண்டாம் சார். பெரிய சக்கரத்தில் ஓரிடத்தில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, ஒரு முழுச் சுற்று உருண்டு வரச் சொல்லுங்கள். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ. என்றால் சுமார் 188 செ.மீ. ஓடியிருக்கும், மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே. விட்டமும் சுற்றளவும் அன்றைக்கு அவனால்தான் நடக்கிறது, மற்றவர்கள் டேப் பிடிக்கட்டும்.

கேள்வி: எச்.எம். சத்தம் என்கிறார்...

பதில்: தமிழக அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து சின்ன வகுப்புகளில் ஆட்டம் பாட்டம் பாடத்திலேயே இருக்கிறது, பழகிக்கொள்வார். சங்கடமாக இருந்தால் கடைசி பீரியடில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நோட்டில் எப்போது எழுதுவது?

பதில்: அதே பீரியடில், கடைசிப் பத்து நிமிடம். மறுநாள் என்று தள்ளினால் ஆட்டம் மட்டும்தான் நினைவிருக்கும்.