ரிலீவிங் லெட்டர் மட்டும் போதாது

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது, ஆனால் பழைய கம்பெனி எச்ஆர் பதவியும் தேதியும் மட்டும் போட்ட ரிலீவிங் லெட்டருக்கு மேல் எதுவும் தர மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அப்லோடு செய்துவிடாதீர்கள். என்னென்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, இவையெல்லாம் வேலை அனுபவக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

எச்ஆரோடு மல்லுக்கட்டியது போதும், பழைய மேனேஜரைப் பிடியுங்கள். லெட்டர்ஹெட் இல்லாவிட்டாலும் அவர் தன் பதவி, தொடர்பு எண் போட்டு, நீங்கள் செய்த வேலையை விவரித்து நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். (என்ஓசி, அதாவது கனடா அரசின் வேலை வகைப்பாட்டுப் பட்டியல், அந்தப் பக்கத்து வரிகளை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.) கூடவே ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக். எச்ஆர் மறுப்பதை வாய்வார்த்தையாக விடாமல் மெயிலில் வாங்கி, ஏன் கடிதம் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதி அதோடு இணையுங்கள். இதற்கும் உத்தரவாதம் கிடையாது, முடிவு அதிகாரி கையில்தான்.

அப்புறம், அழைப்பு வந்ததிலிருந்து விண்ணப்பிக்கக் கெடு 60 நாள். அதற்குள் தேறாது என்று தோன்றினால் அழைப்பை நீங்களே டிக்ளைன் செய்யுங்கள், தகுதி இருக்கும்வரை ப்ரொஃபைல் மறுபடி பூலுக்கு, அதாவது அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். சும்மா விட்டு காலாவதியானால் புது ப்ரொஃபைல்தான் போட வேண்டும்.